பழைய பில், டீசி, பைல்களை ஸ்கேன் செய்யக் கொடுக்கும் முன்: சரியான ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனி, கரூர் பெட்ஷீட் ஏற்றுமதி, கோவை பவுண்டரி, ஈரோட்டு மஞ்சள் மண்டி என்று எங்கே போனாலும் ஆபீஸ் அட்டாலியில் பாக்ஸ் பைலும் சணல் கயிறு கட்டிய பண்டலும் நெருக்கி அடுக்கியிருக்கும். இதையெல்லாம் ஸ்கேன் செய்துவிடலாம் என்று ஆளைக் கூப்பிட்டதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பக்கத்துக்கு எத்தனை பைசா?" அந்தக் கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு டீசியை (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலானை) ஆடிட்டர் கேட்டால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் காட்ட முடிய வேண்டும். அதற்காகத்தான் பணம் கொடுக்கிறோம்.

படி 1: எதைக் கொடுப்பது என்று பிரியுங்கள்

ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கையும் அதற்கான ரசீதுகளையும் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்கு என்றால், ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆக, 2030 டிசம்பர் முடியும் வரை அந்த டீசியும் பில்லும் கையில் இருக்க வேண்டும். அப்பீல் நடந்தால் அது முடிந்த பிறகும் ஒரு வருஷம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களுக்கு 8 நிதியாண்டு.

இந்தக் கெடு தாண்டிய பண்டல்களை ஆடிட்டரிடம் கேட்டு முதலில் ஒதுக்குங்கள். அதிலேயே செலவு கணிசமாகக் குறையும். நிலப் பத்திரம், பவர் பத்திரம், புரோநோட்டு, உயில் இவற்றைப் பார்வைக்கு மட்டும் ஸ்கேன் செய்துகொள்ளலாம். அசல் எந்தக் காரணத்துக்காகவும் லாக்கரை விட்டுப் போகக்கூடாது.

படி 2: எண்ணிக்கை எடுங்கள்

சாதாரண 500 தாள் கட்டு ஏறத்தாழ 5 செ.மீ. கனம். அடுக்கின் கனத்தை ஸ்கேலால் அளந்தாலே தோராயக் கணக்கு வந்துவிடும். கசங்கிய தாள் உப்பி நிற்கும் என்பதால் ஒரு பைலையாவது முழுதாக எண்ணிச் சரிபாருங்கள். பின்பக்கம் எழுத்து உள்ள தாள் எத்தனை என்பதையும் குறியுங்கள். ரேட் பேசும்போது இந்த எண்தான் கைகொடுக்கும்.

படி 3: எதை வைத்துத் தேடுவீர்கள் என்று எழுதுங்கள்

முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். பலர் இதை ஸ்கேன் செய்பவர் கையில் விட்டுவிடுகிறார்கள். அவர் 0001, 0002 என்று பைலுக்குப் பெயர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பிய டீசியை எடுத்துக்கொள்வோம். டீசி எண் மட்டும் போதாது. ஏப்ரல் பிறந்தால் பல கம்பெனிகளில் எண் மறுபடி 1-இலிருந்து தொடங்கும். அப்படியானால் ஐந்து வருஷத்தில் 415 என்ற டீசி ஐந்து இருக்கும். அதனால் நிதியாண்டு கட்டாயம். பார்ட்டி பெயரும் சிக்கல்தான். ஒரே பட்டறையை ஒருவர் "ஸ்ரீ" போட்டு அடிப்பார், இன்னொருவர் போடாமல் அடிப்பார், மூன்றாமவர் "டையர்ஸ்" என்பதைச் சுருக்குவார். தேடும்போது மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். தேடல் பட்டியலில் பெயரோடு ஜி.எஸ்.டி. எண்ணையும் ஒரு கட்டமாக வையுங்கள். 15 எழுத்துள்ள அந்த எண் தமிழ்நாட்டில் பதிவான பார்ட்டிக்கு 33 என்று தொடங்கும், ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்காது. உங்கள் டேலி கணக்கு மென்பொருளிலிருந்து பார்ட்டி பட்டியலை எடுத்துக் கொடுத்து, அதிலிருந்து மட்டுமே பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஆக டீசிக்கு நிதியாண்டு, டீசி எண், தேதி, பார்ட்டி பெயர், பார்ட்டியின் ஜி.எஸ்.டி. எண், ஆர்டர் எண் என்று ஆறு கட்டம் போதும். ஏற்றுமதி பைலுக்கு இன்வாய்ஸ் எண், ஷிப்பிங் பில் எண், பையர் பெயர். பவுண்டரி டெஸ்ட் சர்டிபிகேட்டுக்கு ஹீட் எண் (உலையில் ஒருமுறை உருக்கிய உலோகத்துக்குக் கொடுக்கும் எண்) இல்லாமல் ஒன்றும் நடக்காது. கட்டம் கூடக் கூட டைப் செய்யும் கூலியும் கூடும். ஆகவே நீங்கள் உண்மையிலேயே தேடும் விவரத்தை மட்டும் கேளுங்கள்.

"ஓசிஆர் போட்டால் எல்லாம் தானாகத் தேடும்" என்று சொல்வார்கள். ஸ்கேன் படத்தில் உள்ள எழுத்தைக் கம்ப்யூட்டரே படிக்கும் வசதி அது. அச்சடித்த ஆங்கில இன்வாய்ஸுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். அச்சுத் தமிழையும் ஓரளவு படிக்கும். கணக்குப்பிள்ளை பால்பாயிண்டில் எழுதிய டீசிக்கு அதை நம்பாதீர்கள், ஆள் டைப் செய்துதான் ஆக வேண்டும்.

படி 4: 100 தாள் சோதனை

இரண்டு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் அதே 100 தாளைக் கொடுத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நல்ல தாளாகப் பொறுக்கிக் கொடுத்தால் எல்லோரும் பாஸாகிவிடுவார்கள். இருப்பதிலேயே மோசமானதைக் கொடுங்கள்: மங்கிய எடை மேடைச் சீட்டு 20, ரோஸ், மஞ்சள் நிறக் கார்பன் காப்பி 20, ஸ்டேப்ளர் பின் அடித்தது 20, பின்பக்கம் பென்சில் குறிப்புள்ளது 10, நீல சீல் விழுந்தது 10, நீளமான கம்ப்யூட்டர் தாள் 10, தமிழ்க் கையெழுத்து 5, தூசி படிந்தது 5. முன்பக்க மூலையில் பென்சிலால் 1 முதல் 100 வரை எண் போட்டுவிடுங்கள். அவசியம் உங்கள் ஆபீஸிலேயே, கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள்.

தூசி இந்த ஊர்ப் பிரச்சினை என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். நிட்டிங், கட்டிங் நடக்கும் கட்டிடத்தில் இருந்த தாளில் பஞ்சு ஒட்டியிருக்கும். தாள் தானாக உள்ளே ஓடும் ஸ்கேனரில் படம் பிடிக்கும் கண்ணாடி நகராது, தாள்தான் நகரும். ஒரு இழை அந்தக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு விழும். கோடு எண்ணின் மேல் விழுந்தால் 3 எது, 8 எது என்று தெரியாது. கண்ணாடியைத் துடைக்கும்வரை இப்படியே ஓடும். பவுண்டரியில் கரித்தூளும் மண்டியில் மஞ்சள் தூளும் இதே வேலையைச் செய்யும். இழுக்கும் ரப்பர் ரோலரில் தூசி ஏறினால் தாள் வழுக்கும், அல்லது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டே போகும். நல்ல மெஷினில் இரட்டைத் தாளைக் கண்டுபிடிக்கும் சென்சார் உண்டு. மெஷின் அடிக்கடி நிற்கிறது என்று சிலர் அதை அணைத்துவிடுவார்கள். "எத்தனை தாளுக்கு ஒருமுறை துடைப்பீர்கள்? சென்சார் ஆன்ல இருக்கா?" இரண்டையும் கேளுங்கள். தெரிந்தவர் தயங்காமல் பதில் சொல்வார்.

முடிந்ததும் 100 எண்ணும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ரோஸ் காப்பியைக் கருப்பு வெள்ளையில் எடுத்தால் பின்னணி முழுக்கக் கரும்புள்ளியாகிவிடும். அதைக் கலரில் கேளுங்கள், எடைச் சீட்டுக்குக் குறைந்தது சாம்பல் நிறமாவது வேண்டும். "வெற்றுப் பக்கம் நீக்கு" என்ற வசதி பென்சில் குறிப்பையும் வெற்றென்று நினைத்துத் தூக்கிவிட்டதா என்று அந்தப் பத்துத் தாளில் தெரிந்துவிடும். எல்லாம் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி), நீண்ட நாள் சேமிப்புக்கு உகந்த பிடிஎஃப்/ஏ வடிவம் என்று எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று: சூட்டால் எழுத்து விழும் தெர்மல் தாளில் வந்த எடைச் சீட்டு மங்குகிறதே என்று லேமினேட் செய்து காப்பாற்ற நினைக்காதீர்கள். அந்தச் சூட்டில் முழுச் சீட்டும் கறுத்துவிடும்.

படி 5: இப்போது ரேட்

"பக்கம்" என்றால் தாளா, ஒரு முகமா? இரண்டு பக்கமும் எழுதிய தாளுக்கு இரண்டு மடங்கு போடுவார்கள். பின் கழற்றுவது, திரும்ப அடிப்பது, டைப் செய்வது, நீளத் தாள், வண்டிக் கூலி, ஜி.எஸ்.டி. இவற்றில் எது சேர்த்தி, எது தனி என்று கேட்டு எல்லாக் கொட்டேஷனையும் ஒரே எக்செலில் போட்டுப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது பல நேரம் இங்கே ஏறிவிடும். கூலியில் கடைசி 20 சதவீதம், வேலையைச் சரிபார்த்த பிறகுதான் என்று முன்பே பேசிவிடுங்கள்.

படி 6: தாள் வெளியே போகலாமா?

முடிந்தவரை உங்கள் இடத்திலேயே செய்யச் சொல்லுங்கள். ஆள்களின் ஆதார் நகல், சம்பளப் பட்டியல், பையர் விலை எல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கின்றன. வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டிக்கு எண், உள்ளே இருக்கும் பைல் பட்டியல், சீல், இரு தரப்புக் கையெழுத்து. நடுவில் ஒரு பைல் தேவைப்பட்டால் எத்தனை மணி நேரத்தில் தருவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். ஆடிட் நெருக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் பெட்டியை அனுப்பாதீர்கள்.

படி 7: வாங்கிச் சரிபாருங்கள்

இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வாங்குங்கள், ஒன்று ஆபீஸில், ஒன்று வேறு கட்டிடத்தில். ஒவ்வொரு பைலின் ஹேஷ் மதிப்பும் (பைலின் உள்ளடக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு) உள்ள பட்டியலையும் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, கோர்ட்டில் மின்னணு ஆவணத்தோடு கொடுக்கும் சான்றிதழில் இந்த மதிப்பைக் குறிப்பிட வேண்டும். பிற்பாடு பைலில் ஒரு புள்ளி மாறினாலும் மதிப்பு மாறிவிடும்.

பிறகு பெட்டிக்கு 50 தாள் வீதம் கைபோன போக்கில் உருவுங்கள். தாளைப் பார்த்து கம்ப்யூட்டரில் தேடச் சொல்லுங்கள், 50-ம் வர வேண்டும். ஒன்று தவறினாலும் அந்தப் பெட்டி முழுவதும் திரும்பப் போகட்டும். எல்லாப் பெட்டியும் தேறி, தங்கள் மெஷினிலிருந்த நகலை அழித்துவிட்டோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகு மீதி 20 சதவீதத்துக்குச் செக் போடுங்கள்.