மார்பகப் பெரிதாக்க அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடலுழைப்புக்குத் திரும்பும் முறை

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்ததும், ஜிம்முக்கு எப்போது போகலாம் என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. தண்ணீர் வாளியை எப்போது தூக்கலாம் என்ற கேள்வியோ பெரும்பாலும் எழுவதில்லை. உடற்பயிற்சிக்கூடத்தை ஆறு வாரம் எட்டிப் பார்க்காதவர்கூட நான்காம் நாளே பரண்மேல் இருக்கும் பாத்திரத்துக்குக் கையை நீட்டிவிடுவதால், இந்த இரண்டாவது கேள்வியே முதன்மையானது.

காரணம் தசையில் இருக்கிறது. விலா எலும்புகளின்மேல் விசிறிபோல விரிந்திருக்கும் பெரிய மார்புத் தசை, தள்ளுதல், இழுத்து அணைத்தல், தூக்குதல் ஆகிய எல்லாவற்றிலும் பங்கெடுக்கிறது. மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கும், சிலிக்கோன் அல்லது உப்புநீர் நிரம்பிய பையான இம்ப்ளான்ட்டைச் சிலருக்கு இந்தத் தசைக்கு மேலே, பால்சுரப்பிக்கு அடியிலும், சிலருக்குத் தசைக்கு அடியிலும் வைக்கிறார்கள். அடியில் வைக்கும்போது தசை கீழே எலும்போடு ஒட்டியிருக்கும் பகுதி ஓரளவு வெட்டி விடுவிக்கப்படுகிறது. அது ஆறுவதற்குள் தசையை இறுக்கினால் வலிப்பதோடு, இம்ப்ளான்ட்டும் கீழோ பக்கவாட்டிலோ தள்ளப்படலாம். ஆகவே தோழிக்குச் சொன்ன கால அட்டவணை உங்களுக்குப் பொருந்தாது. இம்ப்ளான்ட் எங்கே வைக்கப்பட்டது, வெட்டு மார்பின் கீழ் மடிப்பிலா அக்குளிலா என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அக்குள் வழியே செய்திருந்தால் கையை உயர்த்துவதில் கூடுதல் கவனம் வேண்டும். கீழே தரப்படும் வாரக் கணக்குகள் பொதுவான வழக்கமே. உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அதுவே செல்லும்.

முதல் வாரத்தின் ஒரே உடற்பயிற்சி நடை. காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைவதைத் தடுப்பதற்காக, சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ எழுந்து, வீட்டுக்குள்ளேயே ஐந்து பத்து நிமிடங்களாக நாளில் பலமுறை மெதுவாக நடக்க வேண்டும். மூச்சு வாங்கும் அளவுக்கு வேகம் கூடாது. இரத்த அழுத்தம் ஏறினால் புண்ணின் உள்ளே கசிவு ஏற்பட்டு இரத்தம் தேங்கக்கூடும். வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வந்து முக்கினாலும் அழுத்தம் ஏறும் என்பதால், தண்ணீரும் நார்ச்சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பக்கம் உயர்த்தி மல்லாந்து படுங்கள். எழும்போது கையை ஊன்றாதீர்கள். உதவிக்கு வருபவர் அன்பு மிகுதியில் கையைப் பிடித்து இழுப்பார், அவரை முதுகைத் தாங்கச் சொல்லுங்கள்.

இனி வீட்டு வேலை. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இச்சிகிச்சையை ஏழைப் பெண்களுக்கு இலவசமாகச் செய்யும் திட்டம் தொடங்கப்பட்டது. எனவே சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் எல்லோருக்கும் பணியாள் இருப்பார் என்று கொள்ள முடியாது. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பது பாதுகாப்பான அளவு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பத்து லிட்டர் வாளி அந்த அளவைப் போல ஐந்து மடங்கு. சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய முப்பது. அதை உருட்டுவதும் வேண்டாம். எடையே இல்லாத சில வேலைகளும் இந்தத் தசையைத்தான் பிழிகின்றன: ஈரத்துணியை முறுக்குதல், தேங்காய் துருவுதல், சப்பாத்தி மாவு பிசைதல், உயரக் கொடியில் துணி உலர்த்துதல். ஒரு வயதுக் குழந்தை ஏறத்தாழ ஒன்பது கிலோ இருக்கும். தூக்காமல், நீங்கள் தரையில் அமர்ந்து, அது மடிக்கு ஏறி வரட்டும். இதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். மருத்துவர் அனுமதித்தபின் தோளை மெல்லச் சுழற்றுங்கள்.

தூக்கம் தரும் வலி மாத்திரைகளை நிறுத்தி, திடீரெனப் பிரேக் பிடிக்கவும் வலியின்றித் திரும்பவும் முடியும்வரை வண்டி ஓட்டக்கூடாது. காரைவிட ஸ்கூட்டருக்குத் தாமதமாகவே திரும்புங்கள். குழிகளின் அதிர்ச்சி ஒருபுறம், சென்டர் ஸ்டாண்டு போடும் இழுப்பு இன்னொருபுறம்.

மூன்றாம் வாரம் வாக்கில், வேக நடையும், கைப்பிடியில் சாயாமல் நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் நிலையான சைக்கிளும் தொடங்கலாம். பேச்சுத் திணறாத வேகமே அளவு. மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ கூடியிருந்தால் ஒரு படி பின்னால் செல்லுங்கள். ஓட்டம், ஸ்கிப்பிங் போன்ற குலுங்கும் பயிற்சிகளுக்கு ஆறு வாரம் பொறுப்பது நல்லது; அப்போதும் கம்பி இல்லாத, இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா அவசியம். வெட்டுப் புண் முழுவதும் மூடும்வரை, அதாவது பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம், நீச்சல் குளமும் ஆறும் வேண்டாம்.

யோகா மென்மையானது என்ற நம்பிக்கையில் சூரிய நமஸ்காரத்தை முன்கூட்டியே தொடங்குபவர்கள் உண்டு. அதில் உடலின் எடையைக் கைகள் தாங்கும் நிலைகளும், மார்பை விரித்துப் பின்வளையும் புஜங்காசனமும் இருக்கின்றன; தசைக்கு அவை புஷ்-அப்புக்கு நெருங்கிய உறவு. நின்றும் அமர்ந்தும் செய்யும் எளிய ஆசனங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த வாரமானாலும், ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கிக் கெட்டியானால், காய்ச்சலோடு சிவப்போ சீழோ தோன்றினால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மார்புத் தசைக்கான பயிற்சிகள் எப்போதும் கடைசி. தசைக்கு மேலே வைத்தவர்கள் ஆறு முதல் எட்டு வாரத்திலும், அடியில் வைத்தவர்கள் இரண்டு மூன்று மாதத்திலும் மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்குவது வழக்கம். முதலில் சுவரில் கை வைத்துத் தள்ளுதல், பிறகு சிறிய டம்பெல், அதன்பின் முழங்கால் ஊன்றிய புஷ்-அப் என ஏறுங்கள். பழைய எடையில் பாதியைக்கூட முதல் நாளில் தொட வேண்டாம். தசைக்கு அடியில் வைத்தவர்களுக்கு, தள்ளும்போது மார்பு ஒரு கணம் தட்டையாகி மேலோ பக்கவாட்டிலோ நகர்வது கண்ணாடியில் தெரியலாம். தசை இறுகுவதால் வரும் அசைவு அது, இம்ப்ளான்ட் உடைந்ததன் அடையாளமன்று. தளர்ந்ததும் மார்பு பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் மட்டும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.