முதுமக்கள் தாழியின் முன் நிற்பது எப்படி?

சிலையையும் ஓவியத்தையும் பார்த்துப் பழகிய நமக்கு, இறந்தவரின் எலும்பை இட்டுப் புதைத்த தாழியை எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் 2023இல் திறக்கப்பட்ட கள அருங்காட்சியகத்தில், அகழ்ந்த குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடித் தரை அமைத்திருப்பதால், தாழிகள் நம் காலுக்குக் கீழேயே கிடக்கின்றன.

அந்தக் கண்ணாடியில் கால் வைக்கத் தயங்கினால், தயக்கத்தை உடனே அடக்கிவிடாதீர்கள். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளித்த பிறகே வீட்டுக்குள் நுழைகிற வழக்கத்தில் வளர்ந்தவருக்குப் புதைகுழியின் மேல் நடப்பது கூசத்தான் செய்யும். அது மரியாதையின் இன்னொரு வடிவம் என்றே நான் கருதுகிறேன். விளக்கப் பலகையைப் படிக்குமுன் சில நிமிடங்கள் சும்மா நின்று, மனத்தில் எழுவது அச்சமா, அருவருப்பா, இரக்கமா, அல்லது நம் வீட்டில் இறந்த ஒருவரின் நினைவா என்று பிரித்துப் பாருங்கள். இவை பெரும்பாலும் கலந்தே வரும். பிரித்துப் பார்த்தாலே அச்சம் பாதி குறையும்.

பிறகு ஒரே ஒரு தாழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாய் விளிம்பின் தடிப்பு, வயிற்றின் அகலம், விரிசல் ஓடும் திசை என்று கண்ணை மெதுவாக நகர்த்துங்கள். தமிழகத் தாழிகள் சிலவற்றில் கழுத்தைச் சுற்றி விரலால் அழுத்தி அழுத்திச் செய்த பட்டை இருக்கும். அந்தக் குழிவுகளைக் காணும்போது, இது ஒரு குயவர் ஈர மண்ணில் செய்த வேலை என்பது உறைக்கும்.

பலகையைப் படிக்க இதுவே தக்க நேரம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, இரும்புக் கருவிகளையும் வெண்கலப் பொருள்களையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் தானிய உமியையும் கண்டெடுத்தார். உமியைப் பற்றி அறிந்த பிறகு தாழி வேறாகத் தெரிகிறது: போகிறவருக்குப் பசிக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். புறநானூற்றின் 256ஆம் பாடலில், கணவனை இழந்த பெண் தனக்கும் சேர்த்து ஈமத்தாழியை அகலமாக வனையும்படி குயவரிடம் கேட்கிறாள். அதை நினைவில் வைத்துக்கொண்டு வாய் விளிம்பை மீண்டும் பாருங்கள்.

ஆனால் நெகிழ்ச்சி கதை கட்டவும் தூண்டும் என்பதால் இங்கே எச்சரிக்கை தேவை. எரிமலைச் சாம்பலில் புதைந்த பண்டைய ரோமானிய நகரான பாம்பெயில், இறந்தவர்களின் உடல் பதிந்த வெற்றிடங்களில் சுண்ணக் கலவை ஊற்றி எடுத்த வார்ப்புகளில், பொன் காப்பு அணிந்த ஒருவரும் ஒரு குழந்தையும் நெடுங்காலம் தாயும் சேயும் என்றே கருதப்பட்டனர்; அந்தப் பெரியவர் ஆண், குழந்தைக்கு உறவினரும் அல்லர் என்பதை 2024இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இருவர் மீதும் நமக்கு எழும் இரக்கம் பொய்யாகிவிடவில்லை, உறவுமுறைதான் பொய்யானது. ஆகவே "உணர்ந்தேன்" என்பதையும் "அறிந்தேன்" என்பதையும் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதுங்கள்.

குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள், உள்ளே இருப்பது என்ன என்பதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். எதுவுமே தோன்றாவிட்டால் களைப்பே காரணமாக இருக்கலாம். சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அண்மையில் வீட்டில் இழப்பைக் கண்டவர்கள் இந்தக் குழியை இப்போதே பார்த்தாக வேண்டும் என்பதில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ஆதிச்சநல்லூர் வெண்கலப் பொருள்களிலிருந்து தொடங்கலாம்.