மூடாமல் தேங்கிய இணைப்புகள்: என் அனுபவம்

திருகோணமலை, நிலாவெளியில் ஒரு விடுதிக்கு நான் எழுதிய முன்பதிவு சேர்வர் பின்னேரமானால் உறைந்துவிடும். மறுபடி தொடக்கினால் ஓடும். அது வைத்தியமில்லை என்று தெரிந்தும் ஒரு கிழமை அதையே செய்தேன்.

பிறகு, உறைந்திருக்கும்போதே இணைப்புகளின் நிலையைக் காட்டும் ‘எஸ்எஸ்’ கட்டளை அடித்துப் பார்த்தேன். வரிசையாகக் ‘குளோஸ்-வெயிட்’ நிலை. அதாவது, எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது, என் புரோகிராம்தான் இன்னும் மூடவில்லை.

ஏன்? பத்து விநாடி இடைவெளியில் மூன்று தடவை ‘ஜேஸ்டாக்’ எடுத்தேன்; ஜாவா புரோகிராமின் ஒவ்வொரு திரெட்டும் (தனித்தனியாக ஓடும் வேலை) எந்த வரியில் இருக்கிறது என்று அது காட்டும். ஒருதடவை மட்டும் எடுத்தால், நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியாது. என் புரோகிராமை ஓட்டும் டொம்கட் மென்பொருளின் 200 திரெட்டும் மூன்றிலும் ஒரே வரியில் நின்றன: குறுஞ்செய்திச் சேவையின் பதிலுக்காக சொக்கெட்டை (இணைப்பின் முனையை) வாசிக்கும் இடம். எல்லாத் திரெட்டும் அங்கே மாட்டிக்கொண்டதால், எதிர்முனை மூடிய மற்ற இணைப்புகளை மூட ஒன்றும் மிச்சமில்லை. ஜாவாவில் வாசிப்பு டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) இயல்பாக 0, அதாவது முடிவில்லாக் காத்திருப்பு.

5000 மில்லிவிநாடி கொடுத்தேன். அன்று பின்னேரம் உறையவில்லை.