பெரிய கடையின் கண்ணாடித் துப்புரவுக்கு விலைப்புள்ளி தயாரிக்கும் முறை

பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் பெரிய துணிக்கடைகளும் நகைக்கடைகளும் முகப்பு முழுவதையும் கண்ணாடியாகவே அமைத்துக்கொள்கின்றன. அந்தக் கண்ணாடியைத் துடைத்துப் பராமரிக்கும் ஒப்பந்தத்தைக் கேட்டுச் செல்லும் சிறு நிறுவனத்தாரிடம் கடை மேலாளர் முதலில் கேட்கும் கேள்வி, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதுதான். அந்த இடத்திலேயே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு கைக்காசு போட்டு வேலையை முடித்தவர்கள் பலரை நான் அறிவேன். தொழிலின் தொடக்கத்தில் நானும் அப்படிச் செய்திருக்கிறேன். சதுர அடி விலை என்பது கணக்கின் முடிவில் கிடைக்க வேண்டிய எண். கணக்கைத் தொடங்க வேண்டியது ஆள் மணி நேரத்திலிருந்து, அதாவது ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலையிலிருந்து.

கடையை நேரில் பார்க்காமல் விலை கொடுக்கக் கூடாது. அளவு நாடா, கைப்பேசி, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் கருவி, ஒரு வைப்பர், சிறு வாளி ஆகியவற்றுடன் சென்று, ஒவ்வொரு தளத்தின் கண்ணாடியையும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் துடைக்க வேண்டியது எது, இருபுறமும் துடைக்க வேண்டியது எது என்பதை அளக்கும்போதே பிரித்து எழுதிவிட வேண்டும். மேல் தளங்களில் உட்புறத்தைத் துணி அலமாரிகளும் விளம்பரப் பலகைகளும் மறைத்திருந்தால், அங்கு வெளிப்புறம் மட்டுமே கணக்கில் வரும். உடை மாற்றும் அறைகளின் நிலைக்கண்ணாடி, மின்தூக்கியின் கண்ணாடிச் சுவர், படிக்கட்டின் கண்ணாடிக் கைப்பிடிச் சுவர் ஆகியவை ஒப்பந்தத்தில் சேருமா என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் வேலை தொடங்கிய பிறகு இவையெல்லாம் "கூடவே செய்து கொடுங்கள்" என்ற சொல்லோடு வந்து சேரும்.

அடுத்து, கண்ணாடியின் நிலை. கட்டி முடித்தவுடன் செய்யும் முதல் துப்புரவும், மாதந்தோறும் செய்யும் பராமரிப்பும் ஒரே விலைக்குரியவை அல்ல. முதல் துப்புரவில் சிமெண்டுத் துளி, பெயிண்டு, சிலிகான் பிசின் எல்லாம் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும், பாலக்காட்டுப் பக்கம் ஓணத்துக்கும் விஷுவுக்கும் ஒட்டப்படும் விளம்பரத் தாள்களின் பசை, வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். அதைச் சுரண்டி எடுக்கும் வேலையைத் துடைக்கும் வேலையோடு கலக்காமல், தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தனியாக விலை குறிப்பதே சரி. சுரண்டும் பிளேடு உறுதியூட்டப்பட்ட கண்ணாடியில் கீறல் விழச் செய்யக்கூடும். அக்கண்ணாடியைச் சூளையில் சூடாக்கும்போது பரப்பில் ஒட்டிக்கொண்ட நுண்துகள்கள் பிளேடில் சிக்கி இழுபடுவதே அதற்குக் காரணம். ஆகவே முன்பே இருக்கும் கீறல்களைப் படமெடுத்து விலைப்புள்ளியுடன் இணைத்து, மேலாளரின் கையொப்பமும் பெற்றுவிடுங்கள்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லைப் பகுதியில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. ஒருமுறை நீரைச் சோதிக்காமல் ஒரு கடைக்கு விலை கொடுத்தேன். அக்கடையின் குழாய் நீரில் துடைத்து முடித்து, வெயில் ஏறியதும் பார்த்தால், கண்ணாடி முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். இரண்டாவது முறை நல்ல நீரைக் கொண்டுபோய்த் துடைத்துக் கொடுத்தோம். அந்த இரண்டாவது கூலி என் கணக்கில்தான் விழுந்தது. அன்று முதல் டிடிஎஸ் கருவியில் குழாய் நீரைப் பார்த்துவிட்டுத்தான் விலை எழுதுகிறேன். வைப்பரால் முழுவதும் வழித்தெடுக்கும் தரைத்தளக் கண்ணாடிக்கு ஓரளவு உப்புள்ள நீர் போதும். ஆனால் நீண்ட கம்பில் தூரிகை பொருத்தி, நீரைப் பீய்ச்சித் தானாகக் காயவிடும் முறைக்கு, உப்பு முழுவதும் நீக்கப்பட்ட, டிடிஎஸ் 10க்கும் குறைவான நீரே வேண்டும். அந்த நீரை 200 லிட்டர் பீப்பாயில் ஏற்றிச் செல்லும் செலவு விலைப்புள்ளியில் தனி வரியாக இடம்பெற வேண்டும். பழைய சுண்ணாம்புக் கறையை அமிலக் கலவையால் நீக்குவதாக இருந்தால், அலுமினியச் சட்டத்தையும் பூச்சுள்ள கண்ணாடியையும் அமிலம் கெடுக்கும் என்பதால், ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகே அதற்கு விலை சொல்லுங்கள்.

உயரமும் காற்றும் சேர்ந்துதான் செலவைத் தீர்மானிக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து மேல்காற்றும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து கீழ்காற்றும் வலுவாக வீசும். ஆட்களைத் தூக்கிச் செல்லும் பூம் லிப்ட் இயந்திரங்களில் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர், காற்று வேகம் என்ற வரம்பு பொதுவாகக் குறிக்கப்பட்டிருக்கும். காற்று அதைத் தாண்டினால் இயந்திரத்தை இறக்கிவிட வேண்டும். வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அந்த மாதங்களில் உயர வேலைக்கு ஒரு நாள் கூடுதல் வாடகையை யார் ஏற்பது என்று எழுத்தில் இருக்க வேண்டும். முடிந்தால் மேல்தள வேலையைக் காற்று தணிந்த மாதங்களுக்குத் தள்ளி வைப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

கடை திறக்கும் முன் வேலை முடிய வேண்டும் என்பார்கள். கண்ணாடி சூடேறினால் சோப்பு நீர் வழிப்பதற்கு முன்பே காய்ந்து கோடு விழும். காலையில் மேற்கு முகப்பையும் மாலையில் கிழக்கு முகப்பையும் எடுத்துக்கொண்டால் அது குறையும். ஆனால் கிழக்கு முகப்புக் கடைக்கு மாலையில் வாடிக்கையாளர் கூட்டம் இருக்கும் என்பதால், விடிவதற்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கும். அதற்குக் கூலி கூடும்.

இனிக் கணக்கு. கீழே வரும் தொகைகள் முறையை விளக்க நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கூலியை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். 60 அடி அகல முகப்புள்ள மூன்று தளக் கடை என்று வைத்துக்கொள்வோம். தரைத்தளக் கண்ணாடி 12 அடி உயரம், இருபுறமும் துடைக்க வேண்டும்: 1,440 சதுர அடி. அதற்கு மேல் 28 அடி உயரம், வெளிப்புறம் மட்டும்: 1,680 சதுர அடி. அங்கேயே 100 சதுர அடியைத் துடைத்துக் கடிகாரத்தில் நேரம் பாருங்கள். கீழே ஓர் ஆளுக்கு 15 நிமிடம் ஆனால், 1,440 சதுர அடிக்கு 3.6 ஆள் மணி நேரம். மேலே சாரத்தில் நின்று இருவர் சேர்ந்து 100 சதுர அடிக்கு 30 நிமிடம் எடுத்தால், 1,680 சதுர அடிக்கு 8.4 மணி நேரம், அதாவது 16.8 ஆள் மணி நேரம். பொருள்களை இறக்கி வைக்க, சாரத்தை நகர்த்த, தரையை மூட என்று இன்னும் 4.6 சேர்த்தால் மொத்தம் 25.

ஓர் ஆளின் நாள் கூலி 900 ரூபாய் என்றால் அவருக்கு ஆகும் செலவு 900 அல்ல. காப்பீடு, சாப்பாடு, கையுறை, இடுப்புப் பட்டை ஆகியவற்றுடன், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனமானால் 21,000 ரூபாய் வரை மாத ஊதியம் பெறுவோருக்காக நிறுவனம் செலுத்தும் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பங்கு 3.25 விழுக்காடும் சேரும். இவற்றுக்கு 240 ரூபாய் வைத்தால் 1,140. எட்டு மணி நேரத்தில் கண்ணாடியின் மேல் கை இருக்கும் நேரம் ஆறு மணிதான் என்பதால், ஆறால் வகுக்க வேண்டும்: ஒரு மணிக்கு 190. ஆக, 25 மணிக்கு 4,750. இரண்டு நாள் வண்டிச் செலவு 1,200, சாரத்தின் வாடகையும் ஏற்றியிறக்கும் கூலியும் 6,000, சோப்பும் துணியும் ரப்பரும் 650. கூட்டினால் 12,600. அலுவலக வாடகை, தொலைபேசி, கருவித் தேய்மானம் ஆகியவற்றுக்கு 12 விழுக்காடு சேர்த்தால் 14,112.

இங்குதான் பலர் இடறுகிறார்கள். விலையில் 20 விழுக்காடு லாபம் வேண்டுமானால், செலவோடு 20 விழுக்காட்டைக் கூட்டக் கூடாது, செலவை 0.8 ஆல் வகுக்க வேண்டும். 14,112ஐ வகுத்தால் 17,640 வரும். கூட்டியிருந்தால் 16,934 ரூபாய் 40 காசுதான் வந்திருக்கும். அதில் லாபம் ஏறத்தாழ 16.7 விழுக்காடே. ஒரு கடையில் 705 ரூபாய்தானே என்று தோன்றும். ஆண்டு முழுவதும் பல கடைகளுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

இப்போது 17,640ஐ 3,120 சதுர அடியால் வகுத்தால் சதுர அடிக்கு 5 ரூபாய் 65 காசு. ஆனால் தரைத்தளம் மட்டும் என்றால் ஐந்து ஆள் மணி நேரம், ஒரு நாள் வண்டி, சிறிது பொருள். அதே முறையில் 2,520 ரூபாய், சதுர அடிக்கு 1 ரூபாய் 75 காசுதான். ஒரே கடையில் விலை மும்மடங்கு வேறுபடுவதால், இரண்டுக்கும் பொதுவாக ஒரு விலை சொன்னால் ஒன்றில் நீங்கள் இழப்பீர்கள் அல்லது மற்றொன்றில் ஒப்பந்தத்தை இழப்பீர்கள். தரைத்தளத்தை வாரம் ஒருமுறையும் மேல்தளங்களை ஆண்டுக்கு மூன்று முறையும் என்று பிரித்துக் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த 2,520 ரூபாய், ஆட்கள் அங்கிருந்து அதே வீதியில் அடுத்த கடைக்குப் போவார்கள் என்றால் மட்டுமே பொருந்தும். இல்லையென்றால் அரை நாள் கூலியைக் கணக்கில் ஏற்ற வேண்டும்.

வாளையாறையோ கோபாலபுரத்தையோ தாண்டிக் கேரளத்துக்குள் சாரம் கொண்டுபோனால், குழாய்களை இறக்குவதற்கான கூலியை முன்கூட்டியே விசாரியுங்கள். 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நலத்திட்டம் நடப்பில் உள்ள பகுதிகளில், பதிவுபெற்ற தொழிலாளர்கள் அந்த வேலையைக் கோருவார்கள். அவர்களுக்கு வரையறுத்த கூலி உண்டு. வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்குக் கேட்கும் நோக்குகூலியை அம்மாநில அரசு 2018 மே 1 முதல் ஒழித்துவிட்டது. அதற்கென்று விலையில் எதுவும் சேர்க்க வேண்டாம்.

வரியை விலைக்கு வெளியே தனியாகக் காட்டுங்கள். கண்ணாடித் துப்புரவுக்கான சேவைக் குறியீடு 998532. சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. பொள்ளாச்சிக் கடைக்கு மத்திய, மாநில வரி 9 விழுக்காடு வீதம். தமிழ்நாட்டில் பதிவு செய்த நிறுவனம் பாலக்காட்டுக் கடைக்குச் செய்தால் 18 விழுக்காடு ஒருங்கிணைந்த வரி. மேற்படி 17,640க்கு வரி 3,175 ரூபாய் 20 காசு.

கடைசியாக, பணம் வரும் நாள். மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்துமூல உடன்பாடு இருந்தாலும் 45 நாளுக்குள், உடன்பாடு இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். பதிவு எண்ணையும் இந்தக் கெடுவையும் விலைப்புள்ளியின் கீழ்ப்பகுதியில் எழுதுங்கள். இந்த விலை எத்தனை நாள் செல்லும், கூலி உயர்ந்தால் எந்த மாதத்தில் மறுபடி பேசுவது என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து, தேதியிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுங்கள்.