பள்ளி பேண்டு போட்டிக்கு மார்க் போடுவது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பள்ளி பேண்டு போட்டிக்கு நடுவராக உட்காரச் சொன்னால், மேடையில் விருந்தினர் பக்கத்து நாற்காலி வேண்டாம். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, கொஞ்சம் உயரமாக இடம் கேளுங்கள், வரிசை நேராக இருக்கிறதா என்பது அங்கிருந்துதான் தெரியும்.

முதலில் தாளம். நிமிடத்துக்கு 120 காலடி என்பதுதான் வழக்கமான வேக நடை. 15 விநாடியில் பேஸ் டிரம் (பெரிய முரசு) அடியை எண்ணுங்கள், 30 வர வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் சரியாகத்தான் வருவார்கள். திரும்பும்போது பாருங்கள்: உள்பக்கம் நிற்பவர் அடியைச் சுருக்க வேண்டும், வெளிப்பக்கம் இருப்பவர் நீட்ட வேண்டும், அந்த நேரத்தில் சைடு டிரம் (சின்ன முரசு) தாளத்தை முந்தி ஓட ஆரம்பித்தால் பியூகிள் (ஊதுகொம்பு) பின்தங்கிவிடும், எவ்வளவு பயிற்சி எடுத்திருக்கிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். செம்மண் தரையில் காலடிச் சத்தம் அவ்வளவாகக் கேட்காது, அதனால் காலைக் கண்ணால் பாருங்கள்.

சீருடைக்கு மார்க் குறைவாக வையுங்கள். புது ஷூ வாங்க முடிந்த பள்ளி அதனாலேயே ஜெயிக்கக் கூடாது, இதில் நான் பிடிவாதம்தான்.

அமெரிக்காவில் அணிவகுப்பு பேண்டுக் குழுக்களுக்கு நடக்கும் டிரம் கோர் இன்டர்நேஷனல் போட்டிகளில் 100 மார்க்கில் 40 மொத்தத் தாக்கத்துக்கு, 30 காட்சிக்கு (நடை, வரிசை போன்றவை), 30 இசைக்கு. நம் பிள்ளைகளுக்கு இசைக்கே பாதி கொடுக்கலாம். அப்புறம், ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு வரியாவது எழுதிக் கொடுங்கள், வெறும் எண்ணை வைத்து அவர்கள் எதைத் திருத்துவார்கள்?