ஊருக்குப் போகும்போது பிறஷர் குளிசை: யாழ்ப்பாணம் செல்வோருக்குச் சில குறிப்புகள்

பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே உங்கள் குடும்ப டொக்டரைப் பாருங்கள். நிற்கப்போகும் நாட்களோடு இன்னும் இரண்டு கிழமைக்குப் போதுமான குளிசை, மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய கடிதம், பிறகு ‘வயிற்றோட்டம் வந்தால் எந்தக் குளிசையை நிறுத்த வேண்டும்’ என்ற கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில். இவ்வளவும் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியானதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்க வேண்டும் என்று கீழே வருகிறேன்.

கடிதத்தில் கம்பனிப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பிரான்சில் அம்லோர், பிரித்தானியாவில் இஸ்டின், கனடாவில் நோர்வாஸ்க் என்று விற்பதெல்லாம் அம்லோடிபின்தான். ஊர்ப் பாமசியில் ‘இஸ்டின் இருக்கா’ என்று கேட்டால் கையை விரிப்பார்கள். ‘அம்லோடிபின் 5 மில்லிகிராம்’ என்றால் உடனே விளங்கும். இரண்டு மருந்து சேர்ந்த ஒற்றைக் குளிசை போடுபவர்கள் உள்ளே இருக்கும் இரண்டின் பெயரையும் அளவையும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். அந்தச் சேர்க்கை அங்கே கிடைக்காவிட்டாலும் தனித்தனியாக வாங்கிச் சமாளிக்கலாம்.

‘தேவையென்றால் அங்கே வாங்கலாம்தானே’ என்று குறைவாகக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2022 நெருக்கடியில் இலங்கையில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் உங்களுடைய அதே மருந்து, அதே அளவில், நீங்கள் கேட்கும் நாளில் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது.

குளிசை முழுவதும் கைப்பையில் போகட்டும், கடையில் தந்த பெட்டியோடும் லேபிளோடும். பிறஷர் மருந்துக்கு டுபாயிலோ டோகாவிலோ பொதுவாகச் சிக்கல் வராது. அதே பைக்குள் கோடீன் கலந்த நோ மாத்திரை, ட்ரமடோல், டயஸிபாம், பிரிகபலின் போன்றவை இருந்தால் கதை வேறு. வளைகுடா நாடுகளில் இவை கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். வழியில் இறங்கி இரண்டு நாள் நின்றுபோகும் திட்டம் இருந்தால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

நேர வித்தியாசத்துக்குப் பலர் பயப்படுகிறார்கள். கோடைகாலத்தில் ரொறன்ரோ காலை 8 மணி என்பது யாழ்ப்பாணத்தில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. ஒருநாளைக்கு ஒரு குளிசை போடுபவர் ஊரில் நிற்கும் காலம் முழுவதும் அதை மாலையிலேயே போட்டால் கணக்கே தேவையில்லை. பாரிஸ், சூரிச் ஆட்களுக்கு வித்தியாசம் மூன்றரை அல்லது நாலரை மணித்தியாலம்தான். காலைக் குளிசை மத்தியானத்தை ஒட்டி வரும். காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று பிரித்தானியாவில் 21,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வு 2022இல் சொன்னது. தவறவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த நேரம் நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

சலம் கூடப் போக வைக்கும் குளிசைக்கு மட்டும் நேரம் பார்க்க வேண்டும். ஹைட்ரோகுளோரோதயசைட், இன்டபமைட், ஃபுரோசமைட் எல்லாம் இந்த வகை. இரவில் போட்டால் நித்திரை போய்விடும். கட்டுநாயக்காவில் இறங்கி வான் பிடித்து ஏழெட்டு மணித்தியாலம் யாழ்ப்பாணம் போகிறபோது, வழியில் நல்ல மலசலகூடம் கிடைக்காது என்று நம் அம்மாமார் இந்தக் குளிசையையும் விடுவார்கள், தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கூடாத வேலை. அன்றைக்கு மட்டும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் போடலாமா என்று டொக்டரிடம் முதலே கேட்டு வையுங்கள். இதயம் பலவீனமானவர்கள் கேட்காமல் நேரத்தை மாற்றவே கூடாது.

அம்லோடிபின் போடுபவர்களுக்கு நீண்ட நேரம் இருந்தபடியே பயணம் செய்த பிறகு இரண்டு கணுக்காலும் வீங்கலாம். காலை உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் வற்றும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும். அன்றைக்கே காட்டுங்கள்.

ஊரில் நின்றால்

அடுத்த வில்லங்கம் விருந்து. காலையில் மாமி வீடு, மத்தியானம் சித்தப்பா வீடு, இரவு பள்ளிக்கூடச் சிநேகிதன் வீடு. கருவாட்டுக் குழம்பு, மோர்மிளகாய், ஊறுகாய், பப்படம், ஒடியல் கூழ் என்று உப்பு எல்லா வழியாலும் வரும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கைச் சொல்லி மாமியோடு வாதாட முடியாது. ஊறுகாயை விட்டுவிட்டுச் சோற்றையும் மரக்கறியையும் கூடச் சாப்பிடலாம், மாமி கவனிக்க மாட்டா. இளநீர் எல்லோருக்கும் பொதுவில் நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்கள், ராமிப்ரில், லோசார்டன், ஸ்பைரோனோலக்டோன் போடுபவர்கள் நாளுக்கு மூன்று நான்கு வெட்டிக் குடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். கள்ளைப் பற்றி உங்கள் டொக்டர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். விரதம் பிடிப்பவர்கள் குளிசையையும் விரதத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அம்லோடிபினையும் லோசார்டனையும் வெறும் வயிற்றில் போடலாம், ஒரு மிடறு தண்ணீர் போதும். தண்ணீரும் குடிக்காத கடும் விரதம், வெயிலில் அங்கப்பிரதட்சணம், கூடவே சலக் குளிசை என்றால் தலைசுற்றி விழும் வாய்ப்பு அதிகம். சலரோகக் குளிசையோ இன்சுலினோ பாவிப்பவர்கள் விரதத்துக்கு முன் டொக்டரிடம் தனியாகக் கதைக்க வேண்டும்.

பிசோப்ரோலோல், அட்டெனோலோல் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் குளிசைகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சு படபடத்து, இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம். ‘ஊர்க்காற்றுப் பட்டதும் பிறஷர் இறங்கிவிட்டது’ என்று குளிசையை விடுபவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இறங்கியது குளிசையால்! நாட்டு மருந்து குடிப்பதென்றால் குளிசையை நிறுத்தாமல், வைத்தியரிடம் என்ன போடுகிறீர்கள் என்று சொல்லிக் குடியுங்கள். அதிமதுரம் அதிகமானால் பிறஷரை ஏற்றும்.

காய்ச்சல், வயிற்றோட்டம், நோ

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த வயிற்றோட்டக் கேள்வி. வாந்தியும் வயிற்றோட்டமுமாக உடலில் நீர் வற்றும்போது ராமிப்ரில், லோசார்டன் வகைகளும் சலக் குளிசையும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். அதனால் பல டொக்டர்மார் அந்த ஒன்றிரண்டு நாளைக்கு இவற்றை நிறுத்தி, சாப்பாடும் தண்ணீரும் சரியானதும் திரும்பத் தொடங்கச் சொல்வார்கள். எதை, எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதனால்தான் எழுதி வாங்கச் சொன்னேன். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற் பாமசியில் கிடைக்கும். சிறுநீரக நோயோ இதய நோயோ இருந்தால் எவ்வளவு குடிப்பதென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் முதுகு நோவுக்கு டைக்ளோபினாக்கோ இபுபுரோபினோ போட்டால் சிறுநீரகத்துக்கு மூன்றாவது அடி. சாதாரண நாளிலும் இவை பிறஷரை ஏற்றும். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபெட்ரினும் அப்படித்தான். சிறு கடைகளில் பெயர் இல்லாமல் கடதாசி உறைக்குள் நாலு நிறக் குளிசை போட்டுத் தருவார்கள். ஒவ்வொன்றின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். மார்கழி, தை மாதங்களில் டெங்கு அதிகம். காய்ச்சலென்றால் பனடோல் மட்டும், பிறகு இரத்தப் பரிசோதனை. தினமும் அஸ்பிரின் போடுபவர்கள் அதை அன்றைக்கே டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிறஷர் பார்க்கும் மெசினைக் கொண்டுபோனால் பற்றரியில் ஓடவிடுங்கள். கனடா அடப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் என்றால் 230 வோல்ட்டில் கருகிவிடும். ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டுப் பாருங்கள். தேத்தண்ணி குடித்த கையோடு வேண்டாம். 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு நோ, மூச்சு முட்டல், வாய் கோணல், ஒரு பக்கப் பலவீனம் என்று ஏதாவது இருந்தால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இந்த அறிகுறிகள் இருந்தால் மெசின் காட்டும் எண்ணுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். ஒன்றும் இல்லாவிட்டால் ஓய்வெடுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். நாக்கின் கீழ் நிபெடிபின் வைத்து உடனே இறக்குவது பழைய பழக்கம். பிறஷர் மளமளவென்று விழுந்து பக்கவாதம் வரலாம். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

திரும்பும்போது மிஞ்சிய குளிசையைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வர மனம் வரும். ‘வெளிநாட்டுக் குளிசை நல்லா வேலை செய்யும்’ என்று அவரும் ஆசைப்படுவார். உங்கள் அளவு அவருக்குப் பொருந்தாது. தன் குளிசையோடு இதையும் சேர்த்துப் போட்டால் தலைசுற்றி விழுவார். வீட்டில் கர்ப்பிணி யாரும் இருந்தால் ராமிப்ரில், லோசார்டன் பிள்ளைக்கே கெடுதல். உதவ விரும்பினால் பெரியம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். அங்கே கிடைக்காமல் வெளியில் வாங்கச் சொன்ன மருந்து எதுவென்று கேட்டு, அரச பாமசியான ஒசுசலவிலோ பக்கத்துப் பாமசியிலோ அதே பெயரில், அதே அளவில் மூன்று மாதத்துக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.