காவல் கொட்டிலில் கேட்க எழுபதுகளின் றொக் அல்பங்கள்

கலியாண வீட்டு மேடையில் யாராவது ‘ஹோட்டல் கலிபோர்னியா’வின் கிற்றார் துண்டை வாசித்துக் கேட்டிருப்பீர்கள். 1976இல் வந்த ஈகிள்ஸ் குழுவின் அல்பத்தில் அது முதல் பாட்டு. அதற்குப் பிறகு அந்த அல்பத்தில் என்ன வருகிறது என்று கேட்டால் அனேகம் பேரிடம் பதில் இராது. அப்படியான ஆட்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இலங்கையின் வன்னியில், முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்கிறவன் நான். கதிர் முற்றுகிற காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் இரவிரவாகக் காவல் இருக்க வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகன் ஒரு பட்டியல் அனுப்பினான், கொட்டிலில் இருந்து கேட்கத் தொடங்கினேன்.

முதலில் ஆயத்தம். டவுனுக்குப் போகிற நாளில் அல்பத்தை முழுதாகப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டோரத்தில் சிக்னலை நம்பினால் பாட்டு நடுவிலே நின்றுவிடும். பாட்டுகளை மாற்றி மாற்றிப் போடுகிற ஷஃபிளை நிறுத்துங்கள். புதுப் பதிப்புகளின் கடைசியில் ஒத்திகைப் பதிவு, மேடைப் பதிவு என்று வாலாக ஒட்டியிருப்பார்கள், அதைத் தொட வேண்டாம். அசல் இசைத்தட்டின் முதற்பக்கம் எந்தப் பாட்டோடு முடிந்தது என்று தேடிப் பார்த்து, கொப்பியில் அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள்.

இந்தக் கோடு முக்கியம். ஒரு பக்கம் இருபது நிமிடம், சற்றுக் கூடக்குறைய. கேட்கிறவன் எழும்பிப் போய்த் தட்டைத் திருப்பிப் போடுவான் என்று தெரிந்துதான் பாட்டுகளை அடுக்கினார்கள். லெட் செப்பலின் குழுவின் நாலாவது அல்பத்தில் (1971) பக்கத்துக்கு நாலு பாட்டு. எட்டு நிமிடம் ஓடுகிற ‘ஸ்டெயார்வே டு ஹெவன்’ முதற்பக்கத்தின் கடைசியில் நிற்கிறது. அது முடிந்ததும் நிறுத்திவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு வரம்பால் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன். உடனே அடுத்த பாட்டைப் போட்டால் இரண்டும் கெட்டுப் போகும்.

காவலில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு இருக்க முடியாது. ஒற்றைக் காதில் கேட்டால் வேறு சிக்கல். பிங்க் ஃபுளோய்ட் குழுவின் ‘டார்க் சைட் ஒஃப் த மூன்’ (1973) அல்பத்தில் ‘ஒன் த ரன்’ என்றொரு துண்டு, அதில் ஆள் ஓடுகிற காலடிச் சத்தம் ஒரு காதில் இருந்து மற்றக் காதுக்குப் போகும். ஒரு பக்கத்தைக் கழற்றினால் பாதி இசை காணாமல் போய்விடும். போனின் அமைப்புகளில் ‘மோனோ ஓடியோ’ என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே காதுக்கு வந்துசேரும். அந்த ஓட்டம் தெரியாது, ஆனால் எதுவும் தவறாது. வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு காதிலும் மாட்டி அதையே இன்னொரு தடவை கேளுங்கள்.

அடுத்தது, பெறாமகனின் பட்டியலில் இல்லாத ஓர் எச்சரிக்கை. இந்த அல்பங்களில் யுத்தச் சத்தம் நிறைய இருக்கிறது. பிளாக் சபத் குழுவின் ‘பரனோயிட்’ (1970) விமானத் தாக்குதல் சைரனோடு தொடங்குகிறது. ‘ஒன் த ரன்’ வெடிச்சத்தத்தில் முடியும், அந்த அமைதியில் திடீரென்று மணிக்கூடுகள் எல்லாம் சேர்ந்து அடிக்கும். எல்லாவற்றையும் விடப் பொல்லாதது பிங்க் ஃபுளோய்டின் ‘த வோல்’ (1979). முதற்பாட்டின் முடிவில் குண்டு விமானம் கீழே பாய்கிறது, கொஞ்சம் கழித்து ஹெலி வருகிறது. பிறகு ‘குட்பை ப்ளூ ஸ்கை’யின் தொடக்கத்தில் ஒரு குழந்தை அம்மாவைக் கூப்பிட்டு, வானத்தில் விமானம் என்று காட்டுகிறது. யுத்தம் முடிந்த 2009க்கு முன் இங்கே இருந்தவர்கள் இவற்றை முதல் தடவை தனியே, இருட்டில், ஹெட்செட்டில் கேட்க வேண்டாம். பகலில், சின்ன ஸ்பீக்கரில், வீட்டில் ஆட்கள் நடமாடுகிற நேரத்தில் கேளுங்கள். வீட்டாருக்கும் முதலே சொல்லிவையுங்கள். அந்த ஹெலிச் சத்தத்துக்கு என் மனைவி அடுப்படியில் இருந்து முற்றத்துக்கு வந்து மேலே பார்த்தார்.

கேட்க முன்னம் எதையும் வாசிக்க வேண்டாம். பாட்டு முடிந்த கையோடு பாட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள். ‘அருமை’, ‘சுமார்’ என்று எழுதினால் ஒரு பிரயோசனமும் இல்லை. கால் தாளம் போட்டதா, மனம் பசளைக் கடனுக்குப் போனதா, எந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்தீர்கள், அதை எழுதுங்கள். ‘குட்பை ப்ளூ ஸ்கை’க்கு நான் எழுதினது: “மெதுவான பாட்டு. இந்த ஆளுக்கு இது எப்படித் தெரியும்?” பிறகுதான் வாசித்தேன். அல்பத்தின் பெரும்பகுதியை எழுதிய ரோஜர் வோட்டர்ஸ் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, 1944இல், தகப்பன் இத்தாலியின் அன்சியோப் போர்முனையில் செத்துப்போனார். சரி, விளங்கிவிட்டது. அதற்காக முழு அல்பத்தையும் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. பின் பாதியில் ஒரு பணக்காரப் பாடகனின் தன்னிரக்கம் நீண்டுகொண்டே போகிறது. பெறாமகன் இதற்குக் கோபித்தான்.

வாசித்த பிறகு கட்டாயம் இரண்டாம் தடவை கேளுங்கள். பிளாக் சபத்தில் கிற்றார் வாசித்த டோனி அயோமி இரும்புத்தகடு வெட்டுகிற தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியது அந்தக் கைதான். சவர்க்காரத் திரவப் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்தி போட்டார், பின்னாளில் தந்தியைத் தளர்த்தியும் வாசித்தார். பிளாஸ்டிக் காலோடு வரம்பில் நடக்கிற சிநேகிதர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன், பாட்டைக் கேட்காமலே “அவன் ஆள்” என்றான்.

லெட் செப்பலின் அல்பத்தின் கடைசிப் பாட்டு ‘வென் த லெவீ பிரேக்ஸ்’. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் முன்மண்டபத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியில் மேலே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அந்த முழக்கம் அதனால்தான். மூலப்பாட்டு 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கான்சஸ் ஜோவும் 1929இல் பதிந்தது. கரை உடைந்தால் எங்கே போவது என்பதுதான் விஷயம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த இரவைக் கண்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. இதை மட்டும் மாரியில் கேளுங்கள்.

எதில் தொடங்குவது? என்னைக் கேட்டால் ஃபிளீட்வூட் மக்கின் ‘ரூமர்ஸ்’ (1977). பாட்டுகள் குறுகியவை, வெடிச்சத்தம் கிடையாது. குழுவுக்குள் இரண்டு சோடிகள் பிரிந்துகொண்டிருந்தபோது ஆளை ஆள் குற்றம் சொல்லிப் பாட்டெழுதி, அதற்கு மற்றவரே கூடநின்று வாசித்தும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படிப் பிரிந்தால் ஒரே வாய்க்காலில் தண்ணீர்கூட மறிக்க மாட்டார்கள். அடுத்தது லெட் செப்பலின், பிறகு ‘டார்க் சைட்’. ‘த வோல்’ இரட்டைத் தட்டு, நாலு பக்கம், ஆகவே அதை இரண்டு இரவாகப் பிரித்துக் கடைசியில் வையுங்கள். டீப் பேர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’டை (1972) பகலில் மண்வெட்டி வேலையோடு கேட்கலாம், அதற்குக் கொப்பி தேவையில்லை.